உரைகல்லுக்கு உருவம் தெரியாது

அட்சய திருதியை என்றொரு நாள் ஆண்டுதோறும் வருகிறது. வருகிறது என்பதைவிட, வரவழைக்கப்படுகிறது என்பதே பொருந்தும். அன்று காஞ்சி நகரத்து நகைக்கடைகளிலே கூட்டம் நெரிகிறது. பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியிலே கால் மரத்துப்போக மிதித்து உழைத்த நெசவாளத் தோழனும், கடன்பட்டேனும் ஒரு கிராம் காசு வாங்கிவிட அங்கே நிற்கிறான். காசின் ஒரு பக்கத்திலே திருமகள். கையிலிருந்து பொன் சொரிகிறாள்! இன்று வாங்கினால் குறையாதாம், வளருமாம். அட்சயம் என்றாலே குறையாதது என்று பொருள் கூறுகிறார்கள்.

குறையாததா? கணக்குப் பார்ப்போம். பொன்னுக்கு ஒரு விலை, அதன்மேல் செய்கூலி, 2017 முதல் நூற்றுக்கு மூன்று சரக்கு சேவை வரி. மறுநாளே அதை விற்கச் சென்றால் செய்கூலியும் திரும்பாது, வரியும் திரும்பாது. கடைப்படி இறங்கும்போதே குறைந்துவிடுகிறது, குறையாத காசு!

அடகுக் கடைக்குச் செல்வோம். கடைக்காரர் காசை உரைகல்லில் தேய்க்கிறார், மாற்றுப் பார்க்கிறார், தராசில் இடுகிறார். இதிலிருப்பது திருமகளா, பிள்ளையாரா என்று கேட்கிறாரா? எந்தத் திதியில் வாங்கினாய் என்று கேட்கிறாரா? இல்லை. உரைகல்லுக்கு உருவம் தெரியாது. தராசுக்குத் திதி தெரியாது. ஊரிலே தலைசிறந்த பகுத்தறிவாளர் யாரென்று நம்மைக் கேட்டால், அந்தக் கருங்கல்லைத்தான் காட்டுவோம்!

தெய்வ உருவம் போகட்டும். அரசன் முகமாவது பொன்னுக்கு மதிப்பைக் கூட்டியதா? பவுன் என்றும் சவரன் என்றும் சொல்லுகிறோமே, அது பிரிட்டனின் பொற்காசு. எடை 7.988 கிராம், 22 காரட், அதிலுள்ள தூய பொன் 7.32 கிராம். 1899-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 15 ரூபாய்க்குச் செல்லும் காசாக்கிற்று. 1918-இல் பம்பாயிலேயே அச்சிட்டார்கள். அதன் முகமதிப்பு அன்றும் ஒரு பவுண்டு, இன்றும் ஒரு பவுண்டு! மன்னன் முகம் பொறித்த காசாயிற்றே என்று ஒரு பவுண்டுக்கு அதைக் கொடுக்கும் ஏமாளி எங்கேனும் உண்டா? அமெரிக்காவின் ஒரு அவுன்சுக் கழுகுக் காசில் 50 டாலர் என்று பொறித்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் பொன்னோ ஆயிரக்கணக்கான டாலர் பெறும். தென்னாப்பிரிக்கா 1967-இல் வெளியிட்ட குருகெராண்டில் முகமதிப்பே இல்லை. அதனால் அதை யாரும் வேண்டாமென்று ஒதுக்கினரா? உலகமே வாங்கிற்று!

கனடா நாடு 2007-இல் நூறு கிலோ எடையில் ஒரு பொற்காசு செய்தது. முகமதிப்பு பத்து லட்சம் டாலர். மேலே எலிசபெத் அரசியாரின் முகம். 2017-இல் பெர்லின் அருங்காட்சியகத்திலிருந்து அது களவு போயிற்று. மீளவே இல்லை, உருக்கப்பட்டிருக்கும் என்கிறார்கள். கள்வர் நாடியது அரசியின் முகத்தையா, பொன்னின் எடையையா? கள்வனுக்குத் தெரிந்தது, கற்றவனுக்குத் தெரியவில்லையே!

"ரூபாய்த் தாளில் உலோகம் ஏது? முத்திரையால்தானே அது செல்லுகிறது?" என்று கேட்பார்கள். உண்மை. அந்தத் தாளுக்குப் பொறுப்பேற்று ஓர் அரசு நிற்கிறது. திருமகள் பொன் சொரிவாள் என்ற வாக்குறுதிக்குப் பொறுப்பேற்க எந்தக் கடைக்காரர் முன்வருவார்? முத்திரை அனைத்துமே பொய் என்று நாம் கூறவில்லை. இத்தனை எடை, இத்தனை மாற்று என்று சான்று கூறும் முத்திரை பயனுடையது. ஏனெனில் அதை உரைத்துப் பார்க்கலாம். உரைத்துப் பார் என்னும் முத்திரை சான்று. உரைக்காதே என்னும் முத்திரை சூழ்ச்சி!

இந்த நாட்டிலே உரைக்காதே என்னும் முத்திரைகளுள் மிகப் பழையது, பிறப்பு. கருவிலேயே குத்தப்பட்டதாம், கடவுளே குத்தியதாம், ஆகவே உயர்ந்த மாற்றாம்! அறிவிலே உரைத்துப் பார்க்கலாமா, ஒழுக்கத்திலே எடைபோடலாமா என்று கேட்டால், கேட்பதே பாவம் என்பார்கள். காசுக்கு உரைகல் வைத்த சமுதாயம், மனிதனுக்கு மட்டும் முத்திரையே போதும் என்கிறது!

மற்றொரு வேதனையையும் சொல்ல வேண்டும். காசின் உருவத்துக்குச் செய்கூலியை மறுபேச்சின்றிக் கொடுப்பவர், காந்தி சாலைப் பட்டுக்கடைக்குள் நுழைந்ததும் பேரம் பேசுகிறார். கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைத்த கைத்திறனுக்கு அவர் கணக்கிலே இடமில்லை. அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது. பொன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு முலாமைப் புடவையாக ஒளிரச் செய்தது நெசவாளியின் விரல். அந்த விரலுக்கு முகமதிப்பும் இல்லை, முழுக்கூலியும் இல்லை!

தோழர்களே! பொன் வாங்குவது குற்றமன்று. வாங்கும்போது எடையைக் கேளுங்கள், மாற்றைக் கேளுங்கள். நாளுக்கும் உருவத்துக்கும் ஒரு காசும் கூடுதலாகக் கொடாதீர்கள். மனிதனிடத்திலும் அவ்வாறே: குலத்தைக் கேளாதீர்கள், குணத்தை உரைத்துப் பாருங்கள். உழைத்தவனுக்கு உரிய கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுங்கள். காசில் மட்டுமன்று, வாழ்விலும் அதற்குத்தான் நாணயம் என்று பெயர்!