வளையல் உடைத்தவள் ஏறிய மலை

போடிமெட்டில் வளைந்து வளைந்து ஏறும் ஏலமலைத் தொடர், தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்புவரை நீள்கிறது. அங்கே 4,000 அடிக்கு மேல், புல்வெளி சூழ்ந்த உச்சியில் அமைந்திருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோட்டம். புலிகள் காப்பகக் காடு ஆகையால், ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களுக்கு அனுமதி.

கணவனை இழந்த கண்ணகி, மதுரையில் கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துவிட்டு, வைகைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்தாள். பதினான்காம் நாள் மலைமேல் வேங்கை நிழலில் நின்றவளைக் கோவலன் வானவருடன் வந்து அழைத்துச் சென்றான் என்கிறது சிலப்பதிகாரம். பிரிவு முடிந்த இடம் இதுவே என்பது நம்பிக்கை. ஆகவேதான் இங்கே வளையலும் மங்கல நாணும் பிரசாதம். துணையை இழந்த முதியோரும் தயக்கமின்றிச் சென்று நிற்கத்தக்க சந்நிதி இது.

போடி அன்பர்கள் தேவாரம், கம்பம் வழியாகக் குமுளி சென்றால் அங்கிருந்து ஜீப் உண்டு. பளியன்குடி நடைபாதை ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். முழங்கால் நோவுள்ளோர் தவிர்ப்பது நலம். விடியலிலேயே புறப்பட வேண்டும். பிற்பகலில் மேலேற விடமாட்டார்கள். பிளாஸ்டிக் பொருள்களுக்கு அனுமதியில்லை. அன்றாட மருந்தை மறவாதீர்கள்.

ஏற இயலாதோர் அன்று மாலை வீட்டில் விளக்கேற்றி வணங்கலாம். பதினான்கு நாள் நடந்தவள், நடக்க முடியாதவரின் வலியை அறிவாள்.