வீடு தோட்டத்துக்கு, சேறு மட்டும் நமக்கா?



கார்த்திகை மழையும் குளிரும் ஒன்றாக இறங்கிவிட்டன. போன வாரம் என் வகுப்பில் ஆறு பிள்ளைகள் வரவில்லை. பின்னேரம் அவர்களுடைய லயத்துக்குப் போனேன். பின்பக்கக் கான் மண் விழுந்து அடைபட்டு, இரவு முழுக்கத் தண்ணீர் காம்பராவுக்குள் வந்திருந்தது. அடுப்படி முழுவதும் சேறு. கொப்பிகளைக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். கம்பளி நனைந்து போனதால், பிள்ளைகள் விடியும் வரை உரச் சாக்கின் மேல் குந்தியிருந்ததாக ஒரு அம்மாயி சொன்னார்.

மறுநாள் தோட்டத் தலைவர் ஒபிசுக்குப் போய்ச் சொன்னார். அங்கே கிடைத்த பதில்: இது எதிர்பாராத மழை, உங்கள் ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்து கானை வெட்டுங்கள்.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது மலைநாட்டுக்குப் புதினமா? எந்த மலைக்கு எப்போது உரம் போடுவது என்று மழையைப் பார்த்துத்தானே நிர்வாகம் திட்டம் போடுகிறது? தேயிலைக்குத் தெரிந்த மழை, லயத்துக்கு மட்டும் எப்படி எதிர்பாராததாகும்?

அடுத்தது சுத்தம். நம் பக்கத்துப் பிழையையும் ஒப்புக்கொள்வோம். சொப்பிங் பேக்கும் பம்பர்ஸும் கானில் கிடக்கின்றன. அது நிற்க வேண்டும். சில இடங்களில் கானுக்கு மேலேயே குசினி இறக்கியிருக்கிறோம். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தால் வேறு எங்கே இறக்குவது? ஆனால் அன்று அடைத்தது குப்பை அல்ல, மண். சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் லயத்தைக் கட்டினார்கள். மேட்டுத் தண்ணீர் முழுவதும் பின்சுவரை நோக்கித்தான் வரும். அதைத் திருப்பிவிடுவதற்கே அந்தக் கான். அது நிரம்பினால் தண்ணீர் சுவரில் ஊறி, தரையில் கசிந்து, உள்ளே வரும். எத்தனை முறை வாசலைக் கூட்டினாலும் இது மாறாது.

கடைசியாகச் சிரமதானம். தேயிலை மலையில் கான் வெட்டினால் செக்ரோலில் பேர் விழுகிறது. லயத்துக் கானை வெட்டினால் சிரமதானமா? மண்வெட்டி ஒன்று, முதுகு ஒன்று. தேயிலைக்கு வெட்டினால் வேலை, பிள்ளைக்கு வெட்டினால் தர்மமா? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. தேயிலையோடு லயங்களும்தான் போயின. நமக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அனுமதியில்லாமல் ஒரு தகரம் இறக்கினால் உடனே கடிதம் வருகிறது. உரிமை என்று வரும்போது தோட்டத்துச் சொத்து, அடைப்பு என்று வரும்போது நம் வீடா?

இன்றிரவு தண்ணீர் வந்தால் என்ன செய்வது? பிள்ளைகளுக்காக அடைப்பை எடுங்கள். அதில் வெட்கம் இல்லை. ஆனால் மண்மேட்டின் அடியை வெட்டாதீர்கள். மேட்டில் புது வெடிப்பு தெரிந்தாலோ, திடீரென்று கலங்கல் தண்ணீர் ஊற்றெடுத்தாலோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். மலசலகூடக் குழி நிரம்பியிருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் இறங்கியதையும் சொல்லுங்கள்.

மறுநாள் கட்டாயம் எழுதுங்கள். லயத்து இலக்கம், குடும்பங்களின் எண்ணிக்கை, கான் அடைபட்ட இடம், தண்ணீர் வந்த திகதி, நனைந்த பொருட்கள் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். போனில் படம் எடுங்கள். துரைக்கு ஒரு பிரதி கொடுத்து, மற்றப் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். சங்கத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒவ்வொரு பிரதி. பிரதேச சபை உறுப்பினரையும் விடாதீர்கள். சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடம் தராது என்று முன்பு சொன்னார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கு இனிச் செல்லாது.

சங்கத்துக்கும் ஒரு சொல். சம்பளப் பேச்சு வந்தால் கொடி தூக்குகிறோம். கானைப் பற்றி எப்போது பேசினோம்? அடுத்த தோட்டக் கமிட்டியில் இதுவே முதல் விடயமாகட்டும். நமது கோரிக்கை: ஒவ்வொரு மழைக்கும் முன்னர் எல்லா லயத்துக் கான்களும் வெட்டப்பட வேண்டும், வெட்டுபவருக்குச் செக்ரோலில் முழுப் பேர் போட வேண்டும்.

அந்த ஆறு பிள்ளைகளும் திங்கட்கிழமை வந்தார்கள். கொப்பியில் மை கரைந்து எழுத்தே இல்லை. அவர்கள் மறுபடி எழுதிவிடுவார்கள். நாமும் எழுதுவோம், துரைக்கு.