மூளையின் அலையும் எலியின் நடையும்

சீறிப் பாய்ந்து வந்த காளையொன்று, ஆராய்ச்சியாளர் தம் கையிலிருந்த வானொலிக் கருவியின் பொத்தானை அழுத்தியதும் சட்டென்று நின்றுவிட்டதாக 1965 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் வெளியிட்ட செய்தியைப் படித்த உலகம், மிருகத்தின் கோபத்தையே மின்சாரத்தால் அணைத்துவிடலாம் என்று வியந்து நம்பிற்று. ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபாவில் ஹோசே டெல்காடோ நடத்திய அந்தப் பரிசோதனையை நிதானமாக ஆராய்ந்த உளவியலாளர் எலியட் வாலன்ஸ்டீனோ, காளைக்குச் சாந்தம் பிறக்கவில்லை, மூளைக்குள் செலுத்திய மின்தூண்டல் அதன் உடலை ஒரு பக்கமாகத் திருப்பிப் பாய்ச்சலைக் குலைத்தது என்றார். அவர் சொன்னதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில் மட்டுமன்று, மூளையின் சொந்த மின்சாரத்தைப் படிப்பதிலும் இதே மயக்கம் உண்டு. முயல், குரங்கு ஆகிய பிராணிகளின் மூளையில் மின்சலனம் உண்டென்பதை மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே கண்டுவிட்டார். அதற்கு அர்த்தம் கற்பிப்பதில்தான் தகராறு. ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியில் சீராக எழும் தீட்டா அலையைக் கவனத்தின் அடையாளம் என்றும், கற்றலின் அடையாளம் என்றும் பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் வாண்டர்வுல்ஃப் செய்த காரியம் மிக எளிமையானது: அலையைப் பதிவு செய்துகொண்டே எலியையும் அவர் கண்கொட்டாமல் பார்த்தார். எலி நடந்தாலும் நீந்தினாலும் தாவினாலும் விநாடிக்கு ஏழெட்டு முறை ஒழுங்காக எழுந்த அந்த அலை, அதே எலி உட்கார்ந்து முன்னங்கால்களை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, கால்கள் என்னவோ வேகமாகத்தான் அசைந்தன என்றாலும், ஒழுங்கிழந்து போயிற்று. 1969-இல் வெளியான இந்த முடிவில் கவனம், ஞாபகம் என்ற பேச்சுக்கு அவசியமே நேரவில்லை.

அசையாதிருக்கும் முயலிடமும் ஓசை கேட்டவுடன் அந்த அலை எழுவதுண்டாகையால், நடையே சகலமும் என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால், 2014-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் ஓ'கீஃப், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் ஹிப்போகேம்பஸ் செல்களை 1971-இல் கண்டதும், எலி எங்கே நிற்கிறது என்று பார்த்ததால்தானே!

நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பட்டையொன்று மூளை அலையைப் பதிவு செய்து மாணவனின் கவனத்தை அளந்துவிடும் என்று கடையில் விற்கும் இக்காலத்தில், அதை வாங்கப் போகும் பெற்றோர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த அலை பதிவான தருணத்தில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான், கண்ணைச் சிமிட்டினானா, பல்லைக் கடித்தானா என்று விற்பவரிடம் விசாரியுங்கள், விடை சொல்லத் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.