ஆய்வகச் சாவி யாரிடம்?

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே,

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. அட்டைகளைக் கையில் எடுத்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலமெங்கும் வந்தது. இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. 6 முதல் 8 வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் வானவில் மன்றம் சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுவருகிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும், கேள்வி கேட்ட பிள்ளை பாடத்தின் முடிவில் உள்ள 'புக் பேக்' வினாவுக்கு விடை ஒப்பிக்கத் தொடங்குகிறது.

பாடநூல் அப்படிச் சொல்லவில்லை; பள்ளியின் பழக்கம் அப்படி. சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்று பெயர். ஆய்வகத்தில் பியூரெட் உடைந்தால் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆசிரியர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கி வைத்தவர்கள் எங்களிலேயே உண்டு. ஆய்வகத்தைப் பூட்டி வைத்தால் ஒருவரும் கேட்பதில்லை! உறை போட்டு மூடிய கணினிக்கும் இதே கதைதான்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. தேர்வு நெருங்கும்போதுதான் பல பள்ளிகளில் ஆய்வகம் தூசு தட்டப்படுகிறது. குவிலென்சின் குவியத் தொலைவு எவ்வளவு வரும் என்பது லென்சைத் தொடாத பிள்ளைக்கும் தெரியும். அண்ணனின் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறதே. கிடைப்பது 25க்கு 25. வாசலில் தொங்கும் பிளெக்ஸில் எத்தனை சென்டம் என்று எண்ணிப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் ஊரில் பள்ளி வேறென்ன செய்யும்?

பதினொன்றாம் வகுப்புதான் இப்போது எங்கள் பெரிய கவலை. அந்த வகுப்பின் பாடத்தையே நடத்தாமல், இரண்டு ஆண்டும் 12ஆம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017-18இல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எங்களுக்கும் நிம்மதிதான். ஆனால் பழைய வேலை மறுபடி தொடங்கினால் தேர்வு காட்டிக்கொடுக்காது. நாம்தான் கவனிக்க வேண்டும். தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள், கட்டணம் கட்டுமுன் 11ஆம் வகுப்புக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். செய்முறைக்கு இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளிகளில், கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசும் அதே கூட்டத்தில், இந்த மாதம் ஆய்வகம் எத்தனை நாள் திறந்தது என்றும் கேளுங்கள். உடையும் கண்ணாடிக் கருவிக்கு ஆசிரியர் காசு கொடுக்க வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள்.

ஊரில் எலக்ட்ரீஷியன், மெக்கானிக், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் இருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து சோதனை செய்ய மாதம் ஒரு பிற்பகல் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.