விற்ற பொருள் வாபஸ் இல்லையாம்!

பில்லின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள்: "விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படமாட்டாது." அரசாங்கத்தில் குமாஸ்தாவாக ஆயுள் முழுக்கக் கோப்பு தள்ளியவன் நான். அச்சடித்துவிட்டால் மட்டும் ஒரு வரி சட்டமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் புதுச்சேரியில் ஒரு பெரிய கடையில் ஃபிரிட்ஜ் வாங்கினேன். விலை 26,000 ரூபாய். பதினோராம் நாள் குளிர்ச்சி நின்றது. உள்ளே என் மனைவியின் இன்சுலின். அவசரமாகப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். கடைக்குப் போனால், "விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது ஐயா, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்றார் மேனேஜர். கம்பெனி ஆள் மூன்று முறை வந்தார். காஸ் நிரப்பினார், போர்டு மாற்றினார். நாலு நாள் ஓடும், மறுபடி நின்றுவிடும். ஒன்றரை மாதம் வேளாவேளைக்கு என் மனைவி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-ஆம் விதி, பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவனே பொறுப்பு என்கிறது. "வீஸ் காஷே" என்பார்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதா, வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதா என்று முடிவு செய்வது வாங்கியவன். நெப்போலியன் காலத்து வியாபாரிக்கு இருந்த பொறுப்பு, ஏ.சி. ஷோரூம் முதலாளிக்கு இல்லையாம்!

நம் நாட்டுச் சட்டமும் சளைத்ததல்ல. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பழுதை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு, நஷ்டஈடு கொடு என்று உத்தரவிட மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆணையத்துக்குப் போகுமுன் 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

இதையெல்லாம் எழுதி, பில் நகலும் மெக்கானிக் வந்துபோன சீட்டுகளும் இணைத்து, 15 நாள் கெடு வைத்துக் கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்பினேன். பதிமூன்றாம் நாள் புது ஃபிரிட்ஜ் வந்தது. "எல்லாருக்கும் இப்படி மாத்திக் குடுத்தா நாங்க கடை நடத்த முடியுமா?" என்று மேனேஜர் அலுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் கேட்கமாட்டோம் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் இது. "போகட்டும் விடுங்க, நம்ம தலையெழுத்து" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் லாபக் கணக்கில் ஒரு வரி ஏறுகிறது. பென்ஷன் பணத்தில் வாங்கிய பொருளுக்குத் தலையெழுத்தைக் காரணம் காட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இப்போது தரும் பில்களில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.