உப்புத் தண்ணீருக்கு ஒரு தூண்டில்



இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பேருவளையில் சாச்சி வீட்டுக்குப் போன மூத்த மகன், பெந்தோட்டை ஆற்றில் ஒருவர் புழுவும் இறாலும் இல்லாமல், சாட்டை சுழற்றுவதுபோல் நூலை வீசி மீன் பிடித்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அன்று முதல் வீட்டில் 'ஃப்ளை' தூண்டில் என்ற ஒரே பேச்சு. கடையில் எழுதித் தந்த பட்டியலோ அவருடைய சீட்டுக் காசு முழுவதையும் விழுங்கிவிடும். "வாங்கிக் கொடுக்கவா, விடவா? வாங்குவதென்றால் எது அவசியம்?" என்று கேட்கிறார்.

நம் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. என் கணவரின் தம்பி ஒரு பழைய பங்களாச் சாமான் ஏலத்தில் ட்ரவுட் தூண்டில் ஒன்றை மலிவாக எடுத்து வந்தார். 1880களில் நுவரெலியா ஓடைகளுக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்ட துரைமாரின் விளையாட்டுச் சாமான் அது. நன்னீருக்கும் குளிருக்கும் செய்தது. களுத்துறை முகத்துவாரத்தில் இரண்டு நாள் வீசினார். மூன்றாம் முறை ரீல் சுற்றவில்லை, உப்புப் பூத்து இறுகிப் போயிற்று. ஆகவே சகோதரி, முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, "இது உப்புத் தண்ணீருக்குச் செய்ததா?" என்பதைத்தான்.

நம் பிள்ளைகள் களு கங்கையில் போடும் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இதில் அப்படியில்லை. இறகும் மயிரும் கட்டிய பொய் இரைக்குப் பாரமே கிடையாது என்று சொல்லலாம். நூல்தான் தடித்து, பாரமாக இருக்கும், அதுவே இரையைச் சுமந்து செல்லும். வெறும் கொக்கியால் மீனை ஏமாற்றுவது நமக்கொன்றும் புதிதல்ல. கொக்கலையில் கம்பத்தின் மேல் குந்தியிருந்து தூண்டில் போடுகிறவர்களும் இரை குத்துவதில்லையே.

நூலின் பாரத்துக்கு ஒரு எண் உண்டு. தூண்டிலும் ரீலும் அதே எண்ணுக்குப் பொருந்த வேண்டும். களப்பிலும் முகத்துவாரத்திலும் பாரை, கொடுவா பிடிக்கத் தொடங்குகிறவனுக்கு 8ஆம் எண் போதும். அந்த நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 13.6 கிராம் இருக்கும். தூண்டில் 9 அடி நீளமாக, நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இரத்தினபுரி பஸ்ஸில் ஒன்பதடிக் கம்போடு ஏறிப் பாருங்கள், கண்டக்டர் என்ன சொல்வார் என்று தெரியும்!

தூண்டிலில் காசை மிச்சம் பிடிக்கலாம். நடுத்தர விலைத் தூண்டில் தொடங்குகிறவனுக்குத் தாராளம். ரீலிலும் நூலிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். பாரை ஓடத் தொடங்கினால் நூறு யார் நூலை இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுப்பது ரீலின் பிரேக்தான். அந்த பிரேக் உப்புத் தண்ணீர் புகாதபடி மூடியதாக இருக்க வேண்டும். நூலுக்குப் பின்னால் 20 இறாத்தல் தாங்கும் பின்னூல் 200 யார் சுற்றச் சொல்லுங்கள். நூல் மிதக்கும் வகையாக, முன்பக்கம் பாரம் கூடியதாக, வெப்ப நாடுகளுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். குளிர்நாட்டு நூல் நம் வெயிலில் இளகிக் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும்.

நுனியில் 9 அடி தங்கூசி, 16 முதல் 20 இறாத்தல் தாங்குவது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். ஆகவே கடைசி ஓரடிக்கு மட்டும் 40 இறாத்தல் தங்கூசி முடியட்டும்.

பொய் இரை பத்தும் இருபதும் வாங்க வேண்டாம். அமெரிக்கரான பாப் கிளவுசர் 1987இல் கட்டிய 'கிளவுசர் மின்னோ' வகையில் நாலைந்து இருந்தால் தொடங்கலாம். ஈயக் கண் இரண்டு, கொஞ்சம் மான்வால் மயிர், மினுங்கும் இழை, அவ்வளவுதான். பூவேலை தெரிந்த தங்கச்சி வீட்டில் இருந்தால் பார்த்துப் பார்த்துத் தானே கட்டிவிடுவாள். ஆனால் அவளுக்கும் ஒரு முறை வீசக் கொடுக்க வேண்டும் என்று மகனிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் உள்ள விசேஷ உடுப்பு, பல பை வைத்த ஜாக்கெட், இரண்டாவது ரீல் எல்லாவற்றையும் பேனையால் வெட்டிவிடுங்கள். வெட்டக் கூடாதது ஒன்று உண்டு, கண்ணாடி. தண்ணீரின் பளபளப்பை அடக்கி மீனைக் காட்டும் போலரைஸ்ட் கண்ணாடி அது. அதைவிட முக்கியம், காற்றில் திரும்பி வரும் கொக்கியிலிருந்து கண்ணைக் காக்கும். குறட்டால் கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடவும் சொல்லுங்கள். விரலில் ஏறினாலும் லேசாகக் கழன்றுவிடும், விட்டுவிட வேண்டிய சிறிய மீனுக்கும் வதையிராது.

வீடு திரும்பியதும் தூண்டில், ரீல், நூல், கொக்கி எல்லாவற்றையும் நன்னீரில் மெல்லக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். இது அவன் வேலை, உங்கள் வேலையல்ல. கழுவாதவனுக்கு அடுத்த பயணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அப்போது முகத்துவாரத்துக்கு அனுப்பாதீர்கள். நில்வளா கங்கையைப் போல முதலை உள்ள ஆறுகளும் தெற்கில் உண்டு. ஊர் மீனவர்களிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. மணல் திட்டில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். தனியே போகவே வேண்டாம், சாச்சாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.

அதுவரை தோட்டத்து மைதானம் இருக்கிறது. கொக்கிக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி வீசிப் பழகட்டும். நூல் முன்னே போகுமளவுக்குப் பின்னேயும் போகும், சின்னப் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். முப்பதடியில் வைத்த சுளகின் மேல் பத்துக்கு ஆறு தடவையாவது விழட்டும். விழுந்த பிறகு சீட்டுக் காசை எடுங்கள். நவம்பர் பிறந்ததும் ஸுபஹு தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் பேருவளைக்குப் போகட்டும்.