டி.சி. வாங்கும் முன் ஒரு நிமிடம்!



போன மாதம் எங்கள் வகுப்பாசிரியர் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவர்கள் பட்டியல் எடுத்தார். என் முறை வந்ததும், "ஏழாவது, எட்டாவது எங்கேம்மா படிச்சே?" என்று கேட்டார்.

"பெங்களூருல சார். அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தான் சார்" என்றேன்.

"அப்போ உனக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவர் மேல் தப்பில்லை. விதி அப்படி.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்ற சட்டம் 2020ல் வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்.

மழை பொய்த்த வருஷம் அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூரு போனார். நாங்களும் கூடவே போனோம். தகரக் கொட்டகையில் இரண்டு வருஷம். அங்கேயும் அரசுப் பள்ளி, அங்கேயும் மதியச் சோறு. ஊர் மாறினால் ஏழ்மை மாறிவிடுமா?

பொறியியல் பொதுக் கலந்தாய்வுக்கு 8 முதல் 12 வரை இங்கே படித்திருக்க வேண்டும். வெளி மாநிலத்தில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் தாசில்தார் ஆபீஸில் இருப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும். 7.5க்கு மட்டும் எந்தச் சான்றிதழும் உதவாது. கல்வி உரிமைச் சட்டப்படி 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. அது நியாயமே. அதேபோல, பிழைப்புக்குப் போன இடத்தில் அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் சேர்க்கக் கூடாதா?

"அப்படி விட்டா வெளி ஆளுங்க புகுந்துடுவாங்க" என்று தோழி சொன்னாள். சரிதான். அதற்குத்தான் இருப்பிடச் சான்றிதழ் இருக்கிறதே! 9 முதல் 12 வரை இங்கே படித்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளட்டும்.

சட்டம் மாற நாளாகும். அதுவரை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டி.சி. கேட்டு வரும் பெற்றோரிடம் இந்த விதியை ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்க அப்பாகிட்ட யாரும் சொல்லலை.

என் தம்பி இப்போது ஆறாவது. அப்பா மறுபடியும் பெங்களூரு கிளம்புகிறார். "தம்பியை ஆயாகிட்ட விட்டுட்டுப் போங்க" என்று நான்தான் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதினொரு வயசுப் பையன் அம்மாவை விட்டு இருந்தால்தான் காலேஜ் ஃபீஸ் மிச்சம் என்றால், அந்த விதியைக் கொஞ்சம் திருத்த வேண்டாமா?

சிந்தியுங்கள் நண்பர்களே!

- பிளஸ் டூ 'ஆ' பிரிவு மாணவி